பெட்டியா, 1990ஆ, பக்கத்தில் நிற்பவர் கையா?

பொது இடங்களில் டிஃபிபிரிலேட்டர், அதாவது நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி, கட்டாயம் என்று சட்டம் வந்தால் இலங்கை மலையகத்துக்கு என்ன கிடைக்கும்? இதயம் திடீரென நின்றுவிட்டால், ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எந்த ஏற்பாட்டையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

2016இல் தொடங்கிய, 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் அழைக்கலாம். ஆனால் நின்றுபோன இதயம், தேயிலைத் தோட்டத்து ரோட்டில் வண்டி குலுங்கி ஏறி வரும்வரை காத்திருக்காது.

பெட்டியை எடுத்துக்கொள்வோம். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும் பாதையில் அது இருந்தே ஆக வேண்டும், இதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. உயரம் 2,243 மீட்டர், ஆயிரக்கணக்கான படிகள், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை இரவிரவாகக் கூட்டம். வயசானவர்களும் ஏறுகிறார்கள். படியில் அம்புலன்ஸ் ஏறாது. ஹட்டன், நானுஓயா ஸ்டேஷன்களுக்கும் பெட்டி பொருந்தும். 'கரண்ட் அடித்துக் கொன்றுவிடுவோமோ' என்ற பயம் வேண்டாம். கருவியே இதயத் துடிப்பைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும்தான் மின்னதிர்ச்சி கொடுக்கும். அடுத்து என்ன செய்வது என்று வாயால் சொல்லியும் தரும். அந்தக் குரல் தமிழிலும் சிங்களத்திலும் பேச வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். நெஞ்சில் ஒட்டும் பட்டைகளும் பேட்டரியும் காலாவதியாகும். அவற்றைப் பார்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் தீயணைக்கத் தொங்கவிட்ட மணல் வாளியின் கதைதான். அதில் மணலைவிட பீடித் துண்டு அதிகம்.

சரி, தோட்டத்துக்கு? ஆட்கள் மலை மலையாகப் பிரிந்து நிற்கும்போது பெட்டியை எங்கே வைப்பது? அங்கே முதலில் வேண்டியது கை. நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தப் பழகிய நாலு பேர் ஒவ்வொரு டிவிசனிலும் இருக்க வேண்டும். பெட்டி இருந்தாலும் இந்த அழுத்தம் இல்லாமல் முடியாது. அது வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைப்பது இதுதான். காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரிக்கும் பெரட்டு நேரத்தில் மாதம் ஒருமுறை அரை மணி ஒதுக்கினால் பழகிவிடலாம். அப்புறம் காசு கிடைத்தால் பெட்டி வாங்கலாம். அதை ஆபீசுக்குள் வைத்துப் பூட்டாமல், ராத்திரியும் வாச்சர் இருக்கிற ஃபெக்டரி வாசலில் மாட்டட்டும்.