தேவி பாரடைஸ்: அந்தச் சாய்தளத்துக்காகவே ஒரு தடவை போங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னை அண்ணா சாலை தேவி பாரடைஸில் மாலைக் காட்சிக்குப் போனேன். படத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் தியேட்டரைப் பற்றி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சினிமா என்றாலே “நீ போயிட்டு வாப்பா, என்னால படி ஏற முடியாது” என்பார். அதற்குக் காரணமும் உண்டு. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலில் இருக்கும் தியேட்டருக்கு அழைத்துப் போயிருந்தேன். போகும்போது எஸ்கலேட்டர், பளபளப்பு எல்லாம் இருந்தது. படம் விட்டதும் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்கள், குறுகலான படிக்கட்டு, நாலு மாடி, கீழே இறங்கினால் குப்பைத் தொட்டிகளைத் தாண்டி பார்க்கிங். அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார், பின்னால் வந்த கூட்டம் உச்சுக் கொட்டியது. அன்றைக்கு முடிவு செய்ததுதான், இனிமேல் சினிமாவே வேண்டாம் என்று.

பாரடைஸ் என்றதும் மட்டும் அவர் முகம் மாறியது. “அந்தச் சுத்திச் சுத்தி ஏறுமே, அதுவா?” என்றார். அதேதான். மேலே இருக்கும் அரங்குக்கு வளைந்து வளைந்து ஏறும் சாய்தளம். கல்யாணமான புதிதில் அப்பாவோடு ஏறியதாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார், நடுவில் ஒரு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், பக்கத்தில் ஒரு குழந்தை மேலேயும் கீழேயுமாக ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அவசரமில்லை. படம் முடிந்து இறங்கும்போதுதான் அதன் அருமை இன்னும் தெரிகிறது. மொத்தக் கூட்டமும் ஒரே ஓட்டமாக, இடிபடாமல், க்ளைமாக்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆறு மாதிரி கீழே வழிகிறது. தெருவுக்கு வருவதற்குள் படத்தைப் பற்றி நாலு பேர் சொன்ன விமர்சனம் காதில் விழுந்துவிடும். லிஃப்ட்டில் இறங்கினால் இது கிடைக்குமா?

தேவி வளாகம் 1970-ல் திறந்தது. தேவி, தேவி பாரடைஸ், தேவி பாலா, தேவி கலா என்று நாலு அரங்குகள். அண்ணா சாலையின் சினிமாக் கணக்கில் பார்த்தால் இதுவே இளையதுதான், ஏனென்றால் அந்தச் சாலையில் சினிமா 1913-லேயே வந்துவிட்டது. வார்விக் மேஜர் என்பவர் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டர். ஓடியது இரண்டே வருஷம். ஆனால் கட்டடம் போகவில்லை, தபால் துறை வாங்கிக்கொண்டது, அண்ணா சாலை தலைமைத் தபால் நிலைய வளாகத்துக்குள் தபால்தலை விற்கும் பிரிவாக இன்றைக்கும் இருக்கிறது. காட்சிக்கு முன்னால் நேரம் இருந்தால், வேலை நாளாகவும் இருந்தால், உள்ளே போய் நாலு தபால்தலை வாங்குங்கள். மௌனப் படம் ஓடிய கூடத்தில் நின்று வாங்குகிறோம் என்ற நினைப்பே தனி.

அடுத்த வருஷம், 1914-ல், கெயிட்டி வந்தது. கட்டியவர் ரகுபதி வெங்கையா, அதே மவுண்ட் ரோட்டில் (அண்ணா சாலையின் பழைய பெயர்) போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். சென்னையில் இந்தியர் ஒருவருக்குச் சொந்தமான முதல் தியேட்டர் அதுதான். ஆந்திராவில் அவர் பெயரில் விருதே ஏற்படுத்தினார்கள். நம் பக்கம் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு, எனக்கு இது பெரிய வருத்தம். கெயிட்டி இருந்த இடத்தில் இப்போது கெயிட்டி இல்லை.

அப்புறம் சஃபையர், 1964. சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட் மூன்றும் ஒரே வளாகத்தில். மால்கள் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் நம் ஊரில் இருந்த மல்டிபிளெக்ஸ்! இதில் ப்ளூ டைமண்ட் அப்பாவுக்கு உயிர். தொடர் காட்சி, எப்போது வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம், பாதியில் நுழைந்து அடுத்த ஓட்டத்தில் முதல் பாதியைப் பார்க்கலாம். மே மாத வெயிலில் ஏசிக்காகவே போய் உட்கார்ந்து தூங்கியவர்கள் உண்டு, அப்பாவும் அதில் ஒருத்தர். சஃபையரும் போய்விட்டது. 1961-ல் திறந்த சாந்தி, சிவாஜி ரசிகர்களுக்குக் கோவில் மாதிரி இருந்தது, 2016-ல் மூடிவிட்டார்கள். ஆனந்த், வெலிங்டன், அலங்கார், பிளாசா, எல்லாம் இப்போது பேச்சில் மட்டும்தான்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், தேவியின் அருமை அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். பெரிய கூட்டம் ஒன்றாக வந்து, ஒன்றாகப் பார்த்து, ஒன்றாகத் திரும்பும் என்ற நினைப்போடு கட்டின கட்டடம் அது. பாரடைஸில் விளக்கு அணைந்ததும் பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள், அந்தச் சத்தம் பெரிய கூடத்தில் சுற்றி வந்தது. சின்ன அரங்கில் அதே விசில் காதைக் குத்தும்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது அரங்கின் பெயரைச் சரியாகப் பார்த்து எடுங்கள். நாலும் ஒரே வளாகம், சாய்தளம் வேண்டுமென்றால் பாரடைஸ். அப்புறம், மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான், கார் எடுத்துப் போய் அண்ணா சாலையில் தவிக்க வேண்டாம்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். இறங்கும்போது அம்மா கைப்பிடியைத் தடவிக்கொண்டே வந்தார். அடுத்த மாதம் அத்தையையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அவரே சொல்லிவிட்டார், தீபாவளிப் படத்துக்கு டிக்கெட் விட்டதும் மூன்றாக எடுக்கப் போகிறேன்.