விஎஸ் கோடு ஷார்ட்கட் ஸ்கிரீன்: கீய யாரு புடிச்சு வச்சிருக்கான்னு காட்டிக் கொடுத்துடுது

நிறைய டெஸ்க்டாப் ஆப்ல ஷார்ட்கட் மாத்தலாம்னு ஒரு லிஸ்ட்ட மட்டும் கொடுத்துட்டு கை கழுவிடுவாங்க, ஒரே கீய ரெண்டு வேலைக்கு வச்சா எது ஜெயிக்கும்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இந்த விஷயத்துல மைக்ரோசாஃப்ட்டோட கோடு எடிட்டர் விஎஸ் கோடு எவ்வளவோ தேவலை. கண்ட்ரோல் கே அடிச்சு உடனே கண்ட்ரோல் எஸ் அடிங்க, மொத்த லிஸ்ட்டும் தனி டேப்ல வந்துடும். அங்க சர்ச் பாக்ஸ் ஓரத்துல குட்டியா ஒரு கீபோர்டு ஐகான் இருக்கும் பாருங்க, அத ஆன் பண்ணிட்டு சந்தேகப்படுற கீய அமுக்குனா போதும், அந்தக் கீய யார் யாரெல்லாம் புடிச்சு வச்சிருக்காங்கன்னு வரிசையா வந்து நிக்கும், ஆப்போடயே வந்ததா, நாம வச்சதா, இல்ல நாம கூடுதலா போட்ட ஏதோ எக்ஸ்டென்ஷன் சத்தமில்லாம சொருகுனதான்னு சோர்ஸ் காலம்லயே தெரிஞ்சுடும்.

அதவிட முக்கியம் 'வென்' காலம், ஒரு ஷார்ட்கட் எப்போ வேலை செய்யணும்ங்கிற கண்டிஷன் அங்கதான் இருக்கும். கண்ட்ரோல் எஃப் அடிச்சா எடிட்டர்ல இருக்கும்போது ஃபைலுக்குள்ள தேடுது, டெர்மினல்ல (கமாண்ட் டைப் பண்ணி ஓட்டுற பகுதி) இருக்கும்போது டெர்மினலுக்குள்ள தேடுதுன்னா அதுக்குக் காரணம் இந்தக் கண்டிஷன்தான். ஆனா புதுசா வர்றவங்களுக்கு இது சுத்தமா புரியாது, கண்டிஷன் பேரெல்லாம் புரோகிராம் எழுதுறவனுக்குன்னே வச்ச மாதிரி இருக்கு. நம்ம ஷார்ட்கட் ரூல்ஸ் இருக்குற கீபைண்டிங்ஸ் ஜேசன் ஃபைல்ல கைல எழுதுறவங்க ஒண்ணு கவனிக்கணும், ரூல்ஸ கீழருந்து மேல படிச்சுட்டுப் போய் முதல்ல பொருந்துறதோட நின்னுடும், அதனால கடைசில இருக்குறதுதான் ராஜா. டீஃபால்ட்ட தூக்கணும்னா கமாண்ட் பேருக்கு முன்னாடி ஒரு மைனஸ் போட்டா முடிஞ்சுது.

கடுப்பேத்துறது டெர்மினல் மேட்டர்தான். டெர்மினல்ல ஓடுற பாஷ் ஷெல்ல கர்சர்லருந்து லைன் கடைசி வரைக்கும் அழிக்க கண்ட்ரோல் கே அடிச்சுப் பழகுன கை, இங்க அடிச்சா ஒண்ணும் அழியாது, கண்ட்ரோல் கே இங்க ரெண்டு கீ சேர்ந்த ஷார்ட்கட்டோட முதல் பாதி, அதனால கீழ ஸ்டேட்டஸ் பார்ல அடுத்த கீக்காக வெயிட் பண்றேன்னு ஒரு மெசேஜ் வந்து உக்காந்துக்கும். செட்டிங்ஸ்ல டெர்மினலுக்கான 'அலவ் கார்ட்ஸ்'ஸ (Allow Chords, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா அடிக்கிற ஷார்ட்கட்ட அனுமதிக்கிறது) ஆஃப் பண்ணா சரியாயிடும், டீஃபால்ட்டாவே அப்படி வச்சிருக்கலாம்ல?

எதுவுமே வேலைக்கு ஆகலன்னா கமாண்ட் பேலட்ல (எல்லா கமாண்டையும் தேடுற பாக்ஸ்) கீபோர்டு ஷார்ட்கட்ஸ் டிரபிள்ஷூட்டிங்னு தேடி ஆன் பண்ணுங்க, அமுக்குற ஒவ்வொரு கீக்கும் எந்த ரூல் மேட்ச் ஆச்சுன்னு லாக் கொட்டும். பார்க்க அசிங்கமாதான் இருக்கும், ஆனா அதுல ஒரு வரி கூட வரலன்னா அந்தக் கீ விஎஸ் கோடுக்கே வந்து சேரலன்னு அர்த்தம், ஓஎஸ்ஸோ பின்னாடி ஓடுற வேற ஆப்போ முன்னாடியே முழுங்கியிருக்கும், அங்க போய்த் தேடுங்க.