பழம்பொருள் கூட்டுக்கடை: முறை வச்சு கல்லாவுல உக்காருறதா, காசு கட்டி ஆள் வச்சுக்கறதா?

பழைய சாமான் விக்கிறவங்க பல பேர் சேந்து ஒரே கடைல ஸ்டால் போடுறதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணுல வாடகை கம்மி, கமிஷனும் கம்மி இல்ல சுத்தமா கிடையாது, ஆனா முறை வர்ற அன்னிக்கு நீங்க வந்து கல்லாவுல உக்காந்து எல்லார் சரக்கையும் வித்துக் கொடுக்கணும். இன்னொண்ணுல வாடகை, கமிஷன் ரெண்டையும் கட்டிடுவீங்க, சம்பளத்துக்கு ஆள் இருக்காங்க, நீங்க அடுக்கி வச்சுட்டு கிளம்பிடலாம். நான் ரெண்டு வகைலயும் ஸ்டால் போட்டவன். புதுசா வர்றவங்க கேட்டா முறை வச்சு உக்காருற கடைக்குத்தான் போகச் சொல்லுவேன்.

இத்தனைக்கும் கணக்கு போட்டுப் பாத்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது. கமிஷன் மிச்சம்னு நினைப்போம், ஆனா கடைல உக்காந்திருக்கிற நாள் சரக்கு தேடிப் போகாத நாள். இந்த தொழில்ல லாபமே வாங்குற எடத்துலதான் இருக்கு, நல்ல ஏலம் ஒண்ணு நம்ம முறை அன்னிக்கே வந்துச்சுன்னா வயிறு எரியும்.

சரி அப்புறம் ஏன் அதைச் சொல்றேன்னா, அந்த ஒரு நாள்ல கத்துக்கறது வேற எங்கயும் கிடைக்காது. காலைல லைட்டைப் போட்டு சில்லறை எண்ணி கண்ணாடி அலமாரி சாவிக்கொத்தை இடுப்புல மாட்டிக்கிட்டா சாயங்காலம் வரைக்கும் யாராவது ஒருத்தர் "அதை எடுத்துக் காட்டுங்க"ன்னு கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. எதை எடுக்குறாங்க, எதை திருப்பி வைக்கிறாங்க, விலையைப் பாத்து வச்சாங்களா விரிசலைப் பாத்து வச்சாங்களா, இதெல்லாம் கண்ணால பாக்கலாம். சம்பள ஆள் இருக்கிற கடைல மாசக் கடைசில வித்தது எதுன்னு ஒரு சீட்டு வரும், விக்காதது ஏன் விக்கலன்னு அதுல இருக்காது.

டீ பாட் ஒண்ணை எடுத்துக்குங்க. வெள்ளி மாதிரி மின்னுது, தேய்ஞ்ச எடத்துல செம்பு தெரியுது. வர்றவங்க கேக்கறது "இது வெள்ளியா?" வெள்ளி இல்ல, மேல மட்டும்தான் வெள்ளி. ஆனா அதுலயே ரெண்டு இருக்கு. 1740கள்ல தாமஸ் போல்சோவர் கண்டுபிடிச்ச ஷெஃபீல்ட் பிளேட்ல வெள்ளித் தகட்டையும் செம்பையும் சூட்டுல ஒட்டவச்சு அதுக்கப்புறம்தான் பாத்திரமா அடிப்பாங்க, அதனால வெட்டின விளிம்புல செம்பு தெரியாம இருக்க வெள்ளியை மடிச்சு மூடியிருப்பாங்க, பொருத்தின கோடும் தேடினா கிடைக்கும். 1840ல எல்கிங்டன் பேடன்ட் வாங்கின எலக்ட்ரோபிளேட்டிங்ல பாத்திரத்தை முழுசா செஞ்சுட்டு அப்புறம் முலாம் போடுவாங்க, அந்த கோட்டை முலாமே மூடிடும். அடியில இ.பி.என்.எஸ்னு (எலக்ட்ரோபிளேட்டட் நிக்கல் சில்வர்) இருந்தா எலக்ட்ரோபிளேட், பேச்சே கிடையாது. இதை ஸ்டால்காரங்கள்ல ஒருத்தர் விளிம்பைத் தடவிக் காட்டிச் சொன்னா வாங்க வந்தவர் நின்னு கேப்பார். சம்பளத்துக்கு இருக்கிறவங்க "டேக்ல போட்டிருக்கிறதுதாங்க"ன்னு சொல்லுவாங்க, அவங்களைக் குறை சொல்ல முடியாது, அத்தனை பேர் சரக்கையும் அவங்க எப்படிப் படிச்சு வைப்பாங்க.

அதனால ஆள் வச்ச கடைக்குப் போறதா இருந்தா டேக்தான் உங்க வாய். ஸ்டால் குறியீடு, நம்பர், விலை மட்டும் எழுதினா பத்தாது, எப்போ செஞ்சது, எங்க ஒட்டு போட்டிருக்கு எல்லாம் எழுதணும். பீங்கான்ல நாட்டுப் பேர் இருந்தா பொதுவா 1891க்கு அப்புறம்னு சொல்லுவோம், அமெரிக்காவோட மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிச் சரக்குல நாட்டுப் பேர் கேட்டது அப்போலேருந்துதான். ஆனா பேர் இல்லாததெல்லாம் அதுக்கு முன்னாடின்னு எழுதிடாதீங்க, காகித லேபிள் உரிஞ்சு போயிருக்கலாம், அமெரிக்காவுக்கே போகாத சரக்காவும் இருக்கலாம்.

முறை வச்ச கடைல தலைவலி இல்லாம இல்ல. பேரம் பெரிசு. 10 சதவீதம் வரைக்கும் உக்காந்திருக்கிறவரே குறைக்கலாம், அதுக்கு மேல சரக்குக்காரருக்கு போன் போடணும்னு ரூல் இருந்தா நிம்மதி, இல்லன்னா ஒருத்தர் தன் சரக்கைப் பிடிச்சுக்கிட்டு அடுத்தவர் சரக்கைத் தாராளமா குறைச்சுக் கொடுப்பார். அதைவிட மோசம், யாராவது பையில சாமான் கொண்டுவந்து விக்கணும்னு நிப்பாங்க, கல்லாவுல இருக்கிறவர்தான் முதல்ல பாப்பார். அது அவருக்கா, எல்லாருக்கும் பொதுவா? இதை எழுதி வைக்காத கடைல சேராதீங்க, பல வருஷப் பழக்கம் இதுலயே முறிஞ்சு போறதைப் பாத்திருக்கேன்.

தந்தச் சாமான் விஷயத்துலயும் முறை வச்ச கடைல உங்க கைதான் சம்பந்தப்படுது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தோட சர்வதேச வியாபாரத்தை அழியுற நிலைல இருக்கிற விலங்கு, செடி வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்துல 1989ல தடை பண்ண முடிவெடுத்தாங்க, உள்நாட்டுச் சட்டம் நாட்டுக்கு நாடு வேற. அடுத்தவர் ஸ்டால்ல இருக்கிறதுனாலயே விசாரிக்காம பில் போடக் கூடாது. வெட்டின முகத்துல ஒண்ணையொண்ணு குறுக்க வெட்டுற மெல்லிய கோடு இருந்தா தந்தம், கரும்புள்ளி மாதிரி சின்ன துளைங்க இருந்தா எலும்பு, லென்ஸ்ல பாத்தா தெரிஞ்சுடும்.

வேற வேலைல இருக்கிறவங்க, பெரிய மர பீரோ மேசைன்னு பாத்தாலே புரியுற சரக்கு வச்சிருக்கிறவங்க ஆள் வச்ச கடைக்கே போங்க, கடை தினமும் நேரத்துக்குத் திறந்திருக்கும், அது பெரிய விஷயம். சின்ன சாமான், வெள்ளி, கண்ணாடி, நகைன்னா முறை வச்ச கடை. எதுல சேந்தாலும் கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி உடைஞ்சதுக்கும் திருட்டுப் போனதுக்கும் யார் காசு கொடுப்பாங்கன்னு கேட்டு எழுத்துல வாங்கிக்குங்க.