தீம் ஷூட் புக் செய்யும் முன்: காட்டுகிற படம் எங்கே எடுத்தது என்று கேளுங்கள்

போன தையில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். நிச்சயம் முடிந்த கையோடு ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்கு மதுரையில் ஒரு ஸ்டுடியோவைப் பிடித்தோம். 'செட்டிநாடு ரெட்ரோ' என்று ஒரு தீம், 60,000 ரூபாய். இடம், உடை, மேக்கப், ப்ராப்ஸ் எல்லாம் சேர்த்து என்றார்கள். அந்தப் படங்களில் ஆல்பத்துக்குத் தேறியது ஒன்றுகூட இல்லை. விஷயம் இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் ஸ்டுடியோ பெயரை எழுதவில்லை, தனியாகக் கேட்டாலும் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் செய்த விதத்தைச் சொல்லலாம். அடுத்த முகூர்த்தத்துக்குள் இதே விதத்தில் இன்னும் நாலு வீடு மாட்டும்.

அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு படம். செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், சாய்வான காலை வெளிச்சம், தேக்குத் தூணில் சாய்ந்து நிற்கும் தாவணிப் பெண், கையில் பெட்ரோமாக்ஸோடு பையன், கீழே ஆத்தங்குடிக் கல். பெண்ணின் பின்னலில் இருந்த மல்லிகைச் சரத்திலிருந்து ஒரே ஒரு பூ தரையில் விழுந்து கிடக்கிறது. 'எங்கள் ஜோடி' என்று கீழே எழுதியிருந்தது. தங்கச்சி அந்தப் பூவிலேயே விழுந்துவிட்டாள்.

எல்லாம் கெட்ட பிறகு, அந்தப் படத்தை, படத்தை வைத்தே தேடுகிற கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் அதே பெண், அதே பெட்ரோமாக்ஸ், தரையில் அதே பூ. இரண்டடி இடது பக்கம் தள்ளி நின்று எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். தெரிந்த போட்டோகிராபர் ஒருவரிடம் காட்டியதும் சிரித்தார். "இது வொர்க்‌ஷாப் படம்க்கா."

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஒரு சீனியர் போட்டோகிராபர் வீட்டை வாடகைக்கு எடுப்பார். மாடல் ரெண்டு பேர், உடை, பூ, லைட் எல்லாம் அவர் ஏற்பாடு. பணம் கட்டி வந்தவர்கள் அவர் சொல்கிற இடத்தில் வரிசையாக நின்று ஆளுக்குச் சில ஷாட் அடித்துக்கொண்டு போவார்கள். கற்றுக்கொள்ள நல்ல வழிதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இடம் பார்த்தவர், வெளிச்சம் வைத்தவர், 'முகத்தை இந்தப் பக்கம் திருப்பும்மா' என்று சொன்னவர் எல்லாம் அந்த சீனியர். பட்டனை அழுத்தியது மட்டும் இவர்கள். அதைக் கஸ்டமருக்குச் செய்த வேலை என்று காட்டி அட்வான்ஸ் வாங்குவது ஏமாற்று.

கண்டுபிடிக்க நல்ல வழி, ஒரு ஜோடியின் முழு ஃபோல்டரையும் காட்டச் சொல்வது. பொறுக்கி எடுத்த பத்துப் படம் வேண்டாம், கஸ்டமருக்குக் கொடுத்த அத்தனையும். உண்மையான ஷூட் என்றால் ஆரம்பத்துப் படங்களில் ரெண்டு பேரும் விறைப்பாக நிற்பார்கள், பையனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. போகப்போகத்தான் இளகும். உடை மாறும், வெளிச்சம் மாறும், நடுவில் ஒரு படத்தில் யாருடைய சித்தியாவது எட்டிப்பார்ப்பார். மாடல்களுக்கு முதல் படத்திலேயே கூச்சம் இருக்காது. 'பிரைவசி மேடம், முழு ஆல்பம் காட்ட முடியாது' என்று சொன்னால், ஒரு பழைய கஸ்டமரிடம் அனுமதி கேட்டுக் காட்டச் சொல்லுங்கள். நிஜமாக வேலை செய்தவருக்கு அப்படி ஒருவராவது இருப்பார்.

எங்கள் ஷூட் ஐப்பசியில், செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில். விடியற்காலை வெளிச்சம் முக்கியம், ஐந்தரைக்கெல்லாம் அங்கே இருக்கவேண்டும் என்றார்கள். மூன்று மணிக்கே மதுரையிலிருந்து கிளம்பி, இருட்டோடு போய்ச் சேர்ந்தோம். அந்த மாதத்தில் சூரியன் ஆறு மணியை ஒட்டி உதித்துவிடும், ஏழரை தாண்டினால் அந்த மஞ்சள் வெயில் போய்விடும். டீம் வந்தபோது மணி பத்தே கால். வந்தது ரெண்டு சின்னப் பையன்கள். "அண்ணன் சென்னையில ஒரு வெட்டிங்ல இருக்காரு அக்கா, நாங்க அவரோட அசோசியேட்ஸ்." மத்தியானம் சாப்பிடும்போது அதில் ஒரு தம்பி உண்மையைச் சொல்லிவிட்டான். முந்தின நாள் ராத்திரி போன் வந்திருக்கிறது, ஒருநாள் சம்பளம், தீம் என்னவென்றே இங்கே வந்துதான் தெரியுமாம். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அதற்கு முன்னால் வீட்டு வாசல் கூத்து. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் கதவைத் திறக்கவே இல்லை. "யாரு சொன்னது ஆத்தா? எங்கிட்ட ஒரு தகவலும் வரலையே." ஸ்டுடியோக்காரருக்குப் போன் போட்டால், பெர்மிஷன் எல்லாம் பேசியாச்சு என்கிறார். பெரியவர்தான் பொறுமையாக விளக்கினார். இந்த வீடுகள் பலவும் ஒருவர் பெயரில் இருப்பதில்லை, பங்காளிகள் பல பேருக்குச் சொந்தம். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில் என்று இருப்பார்கள். ஒரு பங்காளி போனில் 'சரி, எடுத்துக்கோங்க' என்றால் அது மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. எங்கள் விஷயத்தில் அந்த ஒரு பங்காளியும் முகப்புக்கு மட்டும்தான் தலையாட்டியிருக்கிறார். வளவுச் சாவி வேறொருவரிடம். பேக்கேஜில் சேர்ந்தது என்று சொன்ன 8,000 ரூபாய் வாடகையை நாங்களே கொடுத்து, பெரியவர் ரெண்டு மூன்று பேருக்குப் போன் போட்டுக் கேட்டு, உள்ளே நுழையும்போது பதினொன்றரை. ஆகவே செட்டிநாட்டு வீடு என்றால், யார் அனுமதி கொடுத்தார், வீட்டின் எந்தப் பகுதிக்கு, எத்தனை மணி நேரம், வாடகை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் போதும். முடிந்தால் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் நீங்களே ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

வளவு வானம் பார்த்த இடம். உச்சி வெயில் நேராகத் தலையில் இறங்கும், கண்குழி ரெண்டும் கறுத்துவிடும். அந்தப் பையன்கள், தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் நட்டநடு வளவில் நிறுத்தினார்கள். கையில் வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிற ஒரு ரிஃப்ளெக்டர்கூட இல்லை. சுற்றியிருக்கும் தாழ்வாரத்து நிழலில் நிறுத்தி, முகத்தை வளவுப் பக்கம் திருப்பியிருந்தாலே பாதிப் படம் தப்பித்திருக்கும் என்று பிறகு அந்தத் தெரிந்தவர் சொன்னார். வெயில் பட்ட தரையே முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்குமாம்.

உடையைப் பற்றி ஒரு வரி போதும். 'காஸ்ட்யூம் இன்க்ளூடட்' என்று வந்த வெல்வெட் ஜாக்கெட்டில் வேறு யாருடைய வியர்வை வாடையோ அடித்தது, முதுகுப் பக்கம் முழுக்கத் துருப்பிடித்த ஊக்கு.

ஒரு மாதத்தில் தருவதாகச் சொன்ன படங்கள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் டிரைவ் லிங்க்காக வந்தன. பணத்தில் பாதி புக்கிங்கின்போது, நாற்பது சதவீதம் ஷூட் அன்று, மீதி டெலிவரிக்கு என்பது அவர்கள் வைத்த கணக்கு. ஷூட் முடிந்த அன்றே 54,000 வாங்கிவிட்டவருக்கு எங்கள் போனை எடுக்க என்ன அவசரம்? படம் கைக்கு வரும்வரை பாதிப் பணமாவது நம்மிடம் இருக்கிற மாதிரி பேசி வையுங்கள். ஒத்துக்கொள்ளாதவரை விட்டுவிடலாம், ஊரில் போட்டோகிராபருக்குப் பஞ்சமில்லை.

லிங்க்கைத் திறந்தால் எல்லாப் படத்திலும் சாயங்கால வானம், ஆரஞ்சு நிறத்தில். முகப்பைப் பார்த்து எடுத்த படத்தில் இருக்கும் அதே மேகம், முகப்பிலிருந்து தெருவைப் பார்த்து எடுத்த படத்திலும் இருக்கிறது. சூரியன் கூரைக்குப் பின்னால் மறைகிறது, நிழலோ குட்டையாகக் காலடியில் கிடக்கிறது. மல்லிகைச் சரத்தைச் சுற்றிப் பழைய நீல வானம் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் வானத்தை மாற்றுகிற வசதி 2020-லிருந்தே இருக்கிறது, அளவாகச் செய்தால் தப்பில்லை. இதில் முகத்தையும் வழித்து எடுத்துவிட்டார்கள். தங்கச்சிக்கு மேலுதட்டில் ஒரு மச்சம் உண்டு, அதைக் காணோம். அம்மா போனை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாருடி?" என்றார். ரிசப்ஷனில் எல்இடி திரையில் ஓடவிட வைத்திருந்த படங்கள் இவை. கடைசியில் நிச்சயதார்த்தத்தில் சித்தப்பா போனில் எடுத்ததை ஓடவிட்டோம்.

பில் கேட்டபோது, "பில் வேணும்னா பதினெட்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா ஆகும்க்கா" என்றார் ஸ்டுடியோக்காரர். அட்வான்ஸ் போனதும் ஸ்டுடியோ கணக்குக்கு இல்லை, ஒரு தனி நபரின் ஜிபேக்கு. இது எங்களுக்கு வேறு விதத்தில் உதவியது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று வருகிறது. ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் சேர்ந்தால் பணம் கொடுத்ததற்குச் சான்று ஆகிவிடும், அதனால் எந்த சாட்டையும் அழிக்காதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். ஸ்டுடியோக்காரர்கள் அசையவில்லை. அப்புறம் வக்கீல் நோட்டீஸ் போனது. 'படம் என்பது கலை, ரசனை ஆளுக்கு ஆள் மாறும்' என்று பதில் வந்தது. கூடவே, நோட்டீஸில் கேட்டிருந்த அசல் ஃபைல்களையும் அனுப்பிவிட்டார்கள். கேமரா எடுத்த நேரம் அந்த ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். ஆரஞ்சு வானம் போட்ட படங்கள் எல்லாம் பகல் பன்னிரண்டை ஒட்டி எடுத்தவை. ரசனை என்று இனி சொல்ல முடியாது.

நுகர்வோர் ஆணையம் என்றால் அலைச்சல் என்று பயப்படுகிறவர்களுக்கு: கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, ஸ்டுடியோ எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை நடந்து ரெண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று பாக்கி. எங்களுக்கு உதவாத அந்தப் படங்களில் ரெண்டை எடுத்து அவர்கள் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டிருக்கிறார்கள், மச்சம் இல்லாத முகத்தோடு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நீங்கள் கையெழுத்துப் போடும் தாளில் 'படங்களை ஸ்டுடியோ பயன்படுத்திக்கொள்ளலாம்' என்ற வரி எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் தாளில் இல்லை. எடுக்கச் சொல்லி ரெண்டு முறை எழுதியும் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம்.