தோள் திரும்பாதவருக்கு எந்த ராடு? நான்கு ஸ்குவாட் பார்களின் அலசல்

பாரம் ஏற்றிய ராடை முதுகில் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போட முடியவில்லை என்பவர்கள் முழங்காலைக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் இடுப்பைத் தடவுவார்கள். ராடை முதுகில் வைக்கச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பலருக்குக் கோளாறு தோளில் இருக்கிறது. திருப்பூரில் ஓவர்லாக் மிஷின் முன்னால் குனிந்திருப்பவர், சோமனூரில் தறி ஓட்டுபவர், சரவணம்பட்டியில் கணினித் திரையை விட்டுக் கண்ணெடுக்காதவர் ஆகிய மூவருக்கும் கை நாள் முழுவதும் முன்னால்தான் இருக்கிறது. அந்தக் கை பின்னால் போய் வெளிப்பக்கம் திரும்ப வேண்டிய ஒரே நேரம், மாலையில் ஜிம்முக்கு வந்து ராடுக்கு அடியில் நுழையும் நேரம். தோள் மறுக்கிறது. மணிக்கட்டு மடிகிறது, முழங்கை பின்னால் தூக்கிக்கொள்கிறது, நெஞ்சு கவிழ்கிறது, எடை கீழ்முதுகில் இறங்குகிறது. மறுநாள் இடுப்பு வலித்தால் பழி ஸ்குவாட்டின் மேல் விழுகிறது.

ஆகவே சிறப்பு ராடு வாங்கலாமா என்ற கேள்வியைத் தோளிலிருந்து தொடங்குவதே சரி. சுவரில் முதுகையும் பின்தலையையும் ஒட்டி நில்லுங்கள். மேல்கைகளைத் தோள் மட்டத்தில் விரித்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கை முன்னால் தெரியும்படி முன்கையை நிமிர்த்துங்கள். இடுப்பை வளைத்து ஏமாற்றாமல் மணிக்கட்டின் பின்புறம் சுவரைத் தொடுகிறதா? தொட்டால் உங்களுக்கு நேர் ராடே போதும். மிச்சப் பணத்தில் முட்டை வாங்கிச் சாப்பிடுங்கள். கைக்கும் சுவருக்கும் இடையே நாலு விரல் நுழைகிறது என்றால் இந்த அலசல் உங்களுக்கானது.

முதலில் நேர் ராடு. எடை 20 கிலோ, நீளம் 2.2 மீட்டர், பிளேட் (எடைத் தட்டு) ஏறும் முனை 50 மில்லிமீட்டர். வலுதூக்கும் ராடு என்றால் கை பிடிக்கும் தண்டு 28 அல்லது 29 மில்லிமீட்டர். இதன் பெரிய பலம், ஒரே ராடில் ஸ்குவாட், படுத்து நெஞ்சிலிருந்து தள்ளும் பெஞ்ச், தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட் மூன்றும் முடிந்துவிடுவது. ஸ்குவாட்டிலேயே இதை இரண்டு விதமாக வைக்கலாம். கழுத்துக்குக் கீழே திரண்டிருக்கும் தசையின் மேல் வைத்தால் உடல் ஓரளவு நிமிர்ந்து இறங்கும், தொடைக்கு வேலை கூடும். இன்னும் சற்று இறக்கி, தோள்பட்டை எலும்பின் மேட்டுக்குக் கீழே பதித்தால் உடல் முன்சாயும், இடுப்புக்கு வேலை கூடும், பெரும்பாலானவர்களால் எடையும் கூடுதலாகத் தூக்க முடியும். தோளை அதிகம் கேட்பதும் இந்த இரண்டாவது முறைதான். சர்வதேச வலுதூக்கும் கூட்டமைப்பின் விதிப்படி மேடையில் நேர் ராடு மட்டுமே உண்டு. போட்டிக்குப் போகிறவர் வேறு எதை வாங்கினாலும் அது துணைக்கு மட்டும்.

சேஃப்டி ஸ்குவாட் பார், சுருக்கமாக சேஃப்டி பார், காங்கேயம் காளையின் கழுத்தில் நுகத்தடி அமர்வதுபோல அமர்கிறது. கழுத்துக்குப் பின்னால் ஒரு பஞ்சுத் திண்டு; இரு தோள்களின் மேலாக முன்னால் நீளும் இரண்டு திண்டுக் கைகள்; அவற்றின் முனையில் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடிகள். தோள் பின்னால் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. பிளேட் ஏறும் முனைகள் தண்டின் மட்டத்திலிருந்து கீழே இறங்கி, சற்றே முன்னால் தள்ளி நிற்கும். இந்தச் சிறிய வளைவில்தான் எல்லாம் இருக்கிறது. எடை உடலுக்கு முன்பக்கம் நகர்வதால் உடம்பு நிமிர்ந்தே இறங்குகிறது. ராடை முன்னால் வைத்துச் செய்யும் ஃப்ரன்ட் ஸ்குவாட்டுக்கும், முதுகின் மேலே வைக்கும் சாதாரண ஸ்குவாட்டுக்கும் நடுவே ஓர் இடம். அதே நேரம் ஏறும்போது ராடு உங்களை முன்னால் கவிழ்க்கப் பார்க்கும். அதை எதிர்த்து நிமிர்ந்திருக்க மேல்முதுகு உழைத்தாக வேண்டும். நேர் ராடில் தூக்குவதைவிடப் பத்து சதவீதத்தையொட்டிக் குறைவாகவே இதில் பலரும் தூக்குகிறார்கள். அதைப் பார்த்து மனம் உடைந்து ராடைக் குறை சொல்பவர்கள் உண்டு. குறை மேல்முதுகில் இருக்கிறது. ராடு அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

கைப்பிடியைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. திணறும் நேரத்தில் கைப்பிடியை மேலே தூக்கித் தள்ளத் தோன்றும். கைப்பிடி மேலே போனால் ராடு சுழன்று, கீழே இருக்கும் முனைகள் இன்னும் முன்னால் போகும். பாரம் மேலும் கவிழ்க்கும். கைப்பிடியைக் கீழே இழுத்து வைத்திருந்தால் முனைகள் உடலை நோக்கி வரும், பாரம் பாதத்தின் நடுவே நிற்கும். முழங்கை விலாவை ஒட்டித் தரையைப் பார்க்கட்டும். பிடியை இறுக்கி நசுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, நேர் ராடில் மாட்டிக்கொண்டால் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் தப்பிக்கலாம். சேஃப்டி பார் தோளைக் கவ்விக்கொண்டிருப்பதால் அது எளிதில் நடக்காது. ஆகவே ஸ்டாண்டின் பக்கவாட்டுப் பாதுகாப்புக் கம்பிகளைச் சரியான உயரத்தில் போடாமல் இதன் அடியில் நுழையக் கூடாது. திண்டின் தடிமன் காரணமாகத் தண்டு தோளைவிட மேலே நிற்கும் என்பதால் கொக்கியையும் ஓரிரு துளை ஏற்றி வைக்க வேண்டியிருக்கும். குறுகிய தோள் உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் பலருக்கு, திண்டுக் கைகள் கழுத்தின் இருபக்கமும் நெருக்கும். இரண்டு கைகளுக்கும் இடையிலுள்ள அகலம் ராடுக்கு ராடு மாறுகிறது; வாங்குமுன் கழுத்தில் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நேர் ராடு தர முடியாத ஒன்றையும் இது தருகிறது. திண்டு கச்சிதமாக அமர்ந்துவிட்டால் ராடு கையை விட்டாலும் தோளில் நிற்கும். அப்போது இரு கைகளாலும் ஸ்டாண்டையோ அதற்கென வைத்த கம்பியையோ பிடித்துக்கொண்டு இறங்கி ஏறலாம். இதற்கு ஹாட்ஃபீல்டு ஸ்குவாட் என்று பெயர். 1987-இல் 1014 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 460 கிலோ ஸ்குவாட் தூக்கிய அமெரிக்கர் ஃபிரெட் ஹாட்ஃபீல்டின் பெயர் அது. ஆனால் இந்த முறையால் அதிகப் பயன் அடையப் போவது சாதனையாளர்கள் அல்லர். ஐம்பதைத் தாண்டி, கால் வலுவாக இருந்தும் நிலைதடுமாறும் பயத்தால் பாதியிலேயே நின்றுவிடும் தோட்டக்காரர் ஒருவர், கைக்கு ஒரு பிடிமானம் கிடைத்ததும் நிதானமாக முழு ஆழம் இறங்குவார். எனக்கு சேஃப்டி பார் மேல் இருக்கும் பிரியத்தில் பாதி இதற்காக.

மூன்றாவது, பஃபல்லோ பார் என்று அழைக்கப்படும் வளைந்த ராடு. வில்போல மெல்ல வளைந்திருக்கும். முதுகில் வைத்தால் முனைகள் கீழ்நோக்கி இறங்கும். அதனால் கை சில சென்டிமீட்டர் தாழ்வாகப் பிடிக்கிறது, தோளுக்கும் முழங்கைக்கும் அந்த அளவு ஆசுவாசம். மற்றபடி நேர் ராடின் உணர்வு அப்படியே இருக்கும். இதில் பயிற்சி செய்தது போட்டி ராடுக்கும் பெருமளவு கைகொடுக்கும். முதுகில் ராடைத் தாழ்வாகப் பதித்துத் தூக்கும் போட்டியாளருக்கு முழங்கை வலிக்கத் தொடங்கினால் நான் சொல்வது இதைத்தான், சேஃப்டி பாரை அல்ல. தோள் முற்றிலும் இறுகியவருக்கோ இந்தச் சலுகை போதாது. பழைய ஜிம்கள் எல்லாவற்றிலும் வளைந்துபோன ராடு ஒன்று மூலையில் கிடக்கிறதே, அதுவே போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. அதன் வளைவு நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக இருக்கும்; தோளில் உருண்டு திடீரென்று புரளும்.

கேம்பர்டு பார் நான்காவது. தோளுக்கு மேலே கிடைமட்டமாக ஓடி, இருபுறமும் ஓர் அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கி, அங்கே பிளேட் தொங்கும். நடக்கும்போதே முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் பயிற்சி என்பார்கள். நல்ல ராடுதான், தேர்ந்த வலுதூக்கும் வீரர்களுக்கு. சாதாரண ஜிம்மில் ஒரு மாதம் வேடிக்கை, பிறகு துணி காயப்போடும் கொடி.

பணமே செலவழிக்காத போட்டியாளர்களையும் சொல்லிவிட வேண்டும். டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துச் செய்யும் ஸ்குவாட்டும், நேர் ராடில் பட்டை கட்டிப் பிடித்துச் செய்யும் ஃப்ரன்ட் ஸ்குவாட்டும் தோள் இறுகியவருக்கு நல்ல தொடக்கம். எடை ஏற ஏற டம்பெல்லைத் தாங்கக் கை தோற்கும், ஃப்ரன்ட் ஸ்குவாட்டில் ராடு நழுவும். மற்றொரு வழி, தோளையே திருத்துவது. சாண்டோ சின்னப்பா தேவரின் கோவையில் கர்லாக்கட்டைக்குப் பஞ்சமிருக்கக் கூடாது. எடை குறைந்த கட்டையைத் தலைக்குப் பின்னால் நிதானமாகச் சுழற்றுவது, தோளை நேர் ராடு கேட்கும் திசைக்கே பழக்குகிறது. அதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அதுவரை கால் சும்மா இருக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் சேஃப்டி பார்.

இனிக் கொங்கு நாட்டுக்கே உரிய கேள்விக்கு வருகிறேன்: வாங்குவதா, பட்டறையில் செய்வதா? பம்புக்கும் கிரைண்டருக்கும் பெயர்பெற்ற ஊரில், கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினால் மறுவாரமே ராடு தயார் என்று சொல்லும் லேத் பட்டறைகள் கணபதியிலும் பீளமேட்டிலும் நிறைய. என் தீர்ப்பு பலருக்கு வியப்பாக இருக்கலாம். எளிமையாகத் தெரியும் நேர் ராடைப் பட்டறையில் செய்யாதீர்கள். சிக்கலாகத் தெரியும் சேஃப்டி பாரைச் செய்யலாம்.

காரணம் இரும்பில் இருக்கிறது. நேர் ராடின் தண்டு கைப்பிடிக்குள் அடங்க வேண்டும். 29 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்க முடியாது. அந்த மெல்லிய தண்டு 200 கிலோவில் வளைந்து, இறக்கியதும் நேராக வேண்டுமானால், வெப்பப் பதம் செய்த உயர்தர எஃகு தேவை. நல்ல வலுதூக்கும் ராடின் இழுவிசை வலிமை 1300 மெகாபாஸ்கலை ஒட்டி இருக்கும். பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இ.என்.8 ரக எஃகுக் கம்பிக்கு அதில் பாதிதான். மூலையில் வளைந்து கிடக்கும் ராடுகள் இப்படிப் பிறந்தவை. சேஃப்டி பாரின் தண்டை யாரும் கையால் பிடிப்பதில்லை. ஆகவே தடித்த சுவருள்ள பெரிய பைப்பையே போடலாம். விட்டம் கொஞ்சம் கூடினாலும் வளையாத்தன்மை பல மடங்கு ஏறிவிடும். சாதாரண எஃகே சமாளிக்கும். நல்ல ராடு ஒன்றைச் சூடுபடுத்தி வளைத்து பஃபல்லோ பார் ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூட்டில் அதன் பதம் போய்விடும்.

பட்டறையில் செய்வதானால் மூன்று இடங்களில் கண்ணை வைக்க வேண்டும். இரண்டு முனைகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சில டிகிரி பிசகினாலும் ஒரு தோள் முன்னால் இழுபடும், இடுப்பு முறுக்கும். சமதளத்தில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனையைக் குறிபார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்தது, திண்டுக் கை தண்டோடு சேரும் வெல்டிங். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிடுங்கள். பெயிண்ட் எல்லாப் பாவத்தையும் மூடிவிடும். பிறகும் அந்த இடத்தில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் ராடை அன்றே ஓரம்கட்ட வேண்டும். கடைசியாகப் பிளேட் ஏறும் முனை. பட்டறைக்காரர் ஒன்றரை அங்குல பைப்பைக் கையில் எடுப்பார். அதன் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். பெரிய துளையுள்ள ஒலிம்பிக் பிளேட் ஏறிவிடும், ஆனால் லொடலொடவென்று ஆடும், இறுக்கமான லாக் கட்டாயம். லேத்தில் 50 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவாகக் கடைந்து போடச் சொல்வது மேல். சிறு துளையுள்ள பழைய பிளேட்டுகள் மட்டுமே உள்ள ஜிம் என்றால் முனையை அதற்கேற்பத்தான் கேட்க வேண்டும்.

செய்து வந்ததும் எடை போடுங்கள். வாங்கும் சேஃப்டி பார்களே பெரும்பாலும் 25 முதல் 32 கிலோ வரை மாறுபடுகின்றன. பட்டறை ராடு எவ்வளவு என்று செய்தவருக்கே தெரியாது. பொள்ளாச்சியில் தேங்காய் மண்டித் தராசு, ஈரோட்டில் மஞ்சள் மண்டித் தராசு, எது பக்கமோ அங்கே கொண்டுபோய் நிறுத்து, தண்டின் மேலேயே பெயிண்டால் எழுதிவிடுங்கள். 20 என்று நினைத்துக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவருக்குத் தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோ வரை கணக்கில் வராமல் போகும். ரெக்சின் உறை நம் வெயிலிலும் வியர்வையிலும் சீக்கிரம் கிழியும். கார் சீட் கவர் கடையில் கொடுத்தால் புதிதாகத் தைத்துத் தருவார்கள்.

பயிற்சியில் இரண்டையும் சேர்ப்பது எளிது. வாரத்தில் கனமான நாள் நேர் ராடு; இரண்டாவது ஸ்குவாட் நாள் சேஃப்டி பார், பத்துப் பதினைந்து சதவீதம் குறைத்து, ரெப்ஸ் (தடவைகள்) கூட்டி. போட்டிக்கு முந்தைய சில வாரங்கள் முழுவதும் நேர் ராடு. தோள் அறவே இறுகியவருக்கு இரண்டு நாளும் சேஃப்டி பார், கூடவே கர்லாக்கட்டை.

ஜிம் நடத்துபவர்கள் வாங்கும் வரிசையைக் கேட்டால்: முதலில் நம்பகமான நேர் ராடு, விலையில் கஞ்சத்தனம் வேண்டாம். அடுத்து, லெக் பிரஸ் மிஷின் வாங்குவதற்கு முன்பாகவே ஒரு சேஃப்டி பார், பட்டறையில் செய்ததானாலும் பரவாயில்லை. வளைந்த ராடு, போட்டியாளர்கள் நாலு பேர் சேர்ந்து கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். கேம்பர்டு பாருக்கு ஒதுக்கிய பணம் இருந்தால், அதில் ஸ்டாண்டுக்குத் தடித்த பாதுகாப்புக் கம்பிகள் இரண்டு வாங்கிப் போடுங்கள்.