செவி நரம்புக் கட்டியைக் காட்டும் மண்டையோட்டு மாதிரி: ஒரு பருவம் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

பழைய எலும்புகளில் நோயின் தடயத்தைக் கண்டறியத் தொல்லியல் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக இணையத்தில் வாங்கிய இந்த ரெசின் மண்டையோட்டை ஒரு பருவம் முழுவதும் வகுப்பில் பயன்படுத்திவிட்டேன். கொடுத்த பணத்துக்குத் தகுந்த பொருள்தான், குறைகளும் உண்டு.

செவி நரம்புக் கட்டி என்பது நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களிலிருந்து வளரும் ஷ்வானோமா; அது புற்றுநோய் அன்று. மெதுவாக வளரும் அந்த மென்கட்டி உடலோடு மட்கிவிடுவதால், புதைகுழியிலிருந்து எடுத்த எலும்பில் எஞ்சுவது அது அழுத்திய இடம் மட்டுமே. லைடன் நகரில் எடுவார்ட் சாண்டிஃபோர்ட் 1777-இல் பிண ஆய்வில் கண்ட செவி நரம்புக் கட்டியை விவரித்தபோது கட்டியே அவர் கண்முன் இருந்தது. எலும்பை மட்டும் ஆராய்பவருக்கோ, செவி நரம்பு செல்லும், இயல்பாகச் சுமார் 4 மி.மீ. அகலமுள்ள உட்செவிக் கால்வாய் புனல்போல விரிந்திருப்பதுதான் சாட்சி.

அந்தப் புனலை இம்மாதிரி அருமையாகக் காட்டுகிறது. மேல்மூடியைக் கழற்றிவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், வலப்பக்கத் துளை ஒரு மிளகு நுழையும் அளவே இருக்க, இடப்பக்கத் துளையில் சுண்டுவிரல் நுனி பதிகிறது. விளிம்பைத் தடவினால் கூழாங்கல்லின் வழவழப்பு. அழுத்தம் மெதுவாக வரும்போது எலும்பு தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ள அவகாசம் கிடைப்பதால் உண்டாகும் வழவழப்பு அது. புற்றுநோய் அரித்த விளிம்பு பெரும்பாலும் ஒழுங்கற்றிருக்கும். அகழாய்வில் மண்வெட்டி பட்டு உடைந்த விளிம்பு வெளிறிய நிறத்தில் கூராக இருக்கும். படம் காட்டிப் பல முறை விளக்கியும் இவற்றைக் குழப்பிக்கொண்ட மாணவர்கள், ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்ததும் பிரித்தறிந்தார்கள். எனக்கு அதுவே பெரிய நிறைவு.

இனிக் குறைகள். சுமார் 1 செ.மீ. நீளம் இருக்க வேண்டிய கால்வாய் பாதியிலேயே அடைபட்டுத் தட்டையாக முடிகிறது. வார்ப்பு முறையில் அதற்கு மேல் ஆழம் கொண்டுவர இயலாது என்று விற்பனையாளர் பதில் எழுதினார். அதை ஏற்கலாம். உடன் வந்த கையேடு, விரிந்த கால்வாய் என்றாலே ஷ்வானோமா என்று அடித்துச் சொல்வதை ஏற்க முடியவில்லை. மரபுவழி நரம்பு நார்க்கட்டி நோயில், கட்டி ஏதும் இல்லாமலேயே மூளையுறை புடைத்து அக்கால்வாய் விரியக்கூடும். கட்டியை நேரில் காண வழியில்லாத துறையில் 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லை விட்டுவிடுவது மாணவரைத் தவறான வழியில் பழக்கிவிடும்.

வாங்குவோர் கையேட்டை ஒதுக்கிவிட்டு, ஒரு வெர்னியர் காலிப்பரைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இரு பக்கத்தையும் மாணவரையே அளக்கச் சொல்லி, வேறுபாடு 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் மட்டும் காரணம் தேடச் சொல்லுங்கள்.