டெம்பரேச்சர் முள் பொய் சொல்கிறதா? ஸ்கேனரா, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரா?

பிக்கப்பின் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுகிறது. ஆனால் ஆவியும் இல்லை, கொதிக்கும் சத்தமும் இல்லை. முள்ளை நம்பலாமா என்று பார்க்க இரண்டு கருவிகள் உண்டு.

வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (பழுது பார்க்கும் இணைப்பு) செருகும் ஸ்கேனர், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சென்சார் இசியூவுக்கு, அதாவது இன்ஜினின் கணினிக்கு, சொல்லும் டிகிரியைக் காட்டும். அதில் 90, முள் மட்டும் சிவப்பில் என்றால் கோளாறு மீட்டரிலோ அதன் வயரிலோ இருக்கும். சில பழைய வண்டிகளில் மீட்டருக்கென்றே தனி சென்சார் உண்டு, அதையும் பாருங்கள். சரி, இசியூவின் சென்சாரே கெட்டிருந்தால்? ஸ்கேனரும் சேர்ந்து தப்பாகத்தான் காட்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் சோதித்தால் இது பிடிபடும்: கூலன்ட் டிகிரியும் இன்ஜினுக்குள் போகும் காற்றின் டிகிரியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

தொடாமலே மேற்பரப்பின் சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டருக்கு வண்டியின் எந்த சென்சாரும் தேவையில்லை. தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) உறையை நோக்கிப் பிடிக்க வேண்டும். பளபளக்கும் அலுமினியத்தில் அளவு குறைவாக வரும், அதனால் கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பிடியுங்கள்.

நான் முதலில் ஸ்கேனரைத்தான் எடுப்பேன். ஓபிடி இல்லாத வண்டிக்கு மற்றதுதான் வழி. ஆனால் எதற்கும் முன்னால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். அது வற்றி சென்சார் காற்றில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிவிடும்.